ஏழு ஆட்டக்காரர்களின் குடியுரிமையும் என் பெரியம்மாவின் சிவப்பு ஐசியும்

கேள்வி: வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்து மலேசியக் கால்பந்து அணியில் சேர்த்தது தவறா? நாட்டின் வெற்றிக்காகத்தானே செய்தார்கள், இதை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறார்கள்?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், நல்ல பந்து ரசிகர், அணி தோற்றுத் தோற்று மனம் நொந்தவர் என்று தெரிகிறது. வீட்டில் எல்லோரிடமும் நீல ஐசி, அதாவது குடிமக்களுக்கான அடையாள அட்டை, இருக்கும் என்றும் நினைக்கிறேன். அதனால்தான் "ஏன் பெரிதாக்குகிறார்கள்" என்று கேட்க முடிகிறது. நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். எங்களுக்கு இது பெரிய விஷயம்தான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூன் 10 அன்று புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்தில் வியட்நாமை 4-0 என்று வென்றோம். நானும் துள்ளிக் குதித்தேன். செப்டம்பரில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தண்டனை அறிவித்தது. நம் அணியில் ஆடிய ஏழு ஆட்டக்காரர்களின் தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய பிறப்புப் பத்திரங்கள் போலி. அவர்கள் பிறந்தது அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து. மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம், ஏழு பேருக்கும் 12 மாதத் தடை. சங்கம் இதைத் தொழில்நுட்பத் தவறு என்றது. பத்து வருடம் நாட்டில் வசித்திருக்க வேண்டும் என்ற விதி என்னவாயிற்று என்று நாடாளுமன்றத்தில் கேட்டதற்கு, அரசியலமைப்பு தனக்குக் கொடுத்த அதிகாரத்தைப் பயன்படுத்தியதாக உள்துறை அமைச்சர் பதில் சொன்னார்.

அந்த அதிகாரம் இருக்கிறது, சரி. அது யாருக்காகப் பயன்படுகிறது என்பதுதான் என் கேள்வி.

என் பெரியம்மா மெர்டேக்காவுக்கு (1957 சுதந்திரத்துக்கு) முன்னால், இந்த ஊருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். பிரசவம் பார்த்தது தோட்டத்து மருத்துவச்சி. அப்போது பிள்ளை பிறந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பதிய வேண்டியிருந்தது. தாத்தா போகவில்லை. ஏன் போகவில்லை என்று இன்று கேட்பது சுலபம். 1948-ல் எங்கள் ஊர்ப் பக்கம் இரண்டு தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டுக் கொன்ற பிறகுதான் நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. அடுத்து வந்த வருடங்களில் முள்கம்பி வேலியும் ஊரடங்குமாக இருந்த இடத்தில், ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போவது லேசான காரியம் இல்லை. தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியிடம் சொன்னால் போதும் என்று நினைத்திருப்பார். அந்தத் தோட்டத்தில் பலரும் அப்படித்தான் செய்தார்கள்.

பத்திரம் இல்லாததால் பெரியம்மாவுக்குச் சிவப்பு ஐசி. அதாவது நிரந்தரவாசி, குடிமகள் இல்லை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். தாத்தாவும் பெட்டி கட்டிவிட்டார். பாட்டி அசையாமல் நின்றதால்தான் குடும்பம் இங்கே இருக்கிறது. இதைப் பாட்டி பெருமையாகச் சொல்வார், நானும் பெருமையாகவே சொல்கிறேன்.

மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்தவர்கள் பதிவு செய்து குடியுரிமை பெற அரசியலமைப்பின் 16-வது பிரிவு வழி வைத்திருக்கிறது. இங்கே வசித்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், ஓரளவு மலாய் தெரிந்திருக்க வேண்டும். பெரியம்மாவுக்கு எல்லாமே பொருந்தும். பசாரில் மீன்காரரோடு அவர் பேரம் பேசும் மலாய் எனக்கு வராது. ஆனால் இங்கேதான் பிறந்தேன் என்று காட்டக் காகிதம் வேண்டுமே! பதிவு அலுவலகத்தில் கேட்டது: பிறந்ததைக் கண்ணால் பார்த்த, பெரியம்மாவை விட வயதில் மூத்த ஒரு சாட்சி. மருத்துவச்சி இறந்து எத்தனையோ வருடமாகிறது. தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்களை இடித்துவிட்டார்கள். கிராணியின் குடும்பம் எங்கே போனது என்றே தெரியவில்லை. ஒரு தடவை நேர்காணல் வரை போனோம். காரணம் எதுவும் இல்லாமல், ஏற்கப்படவில்லை என்று கடிதம் வந்தது. அமைச்சின் முடிவை எதிர்த்து நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய முடியாது என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது.

2018-ல் 60 வயது தாண்டிய சிவப்பு ஐசி இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை தருவதாக அப்போதைய பிரதமர் மகாதீர் அறிவித்தபோது வீட்டில் பாயசம் வைத்தோம். பெரியம்மாவுக்குக் கடிதம் வரவில்லை. வந்தவர்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம், அதையும் சொல்ல வேண்டும்.

அந்த அலுவலகத்துக்குப் போய்வரும் பாதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வரும் மண்பாதையைச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரிகள் குழிகுழியாக்கி வைத்திருக்கின்றன. நகராண்மையிடம் கேட்டால் அது தனியார் நிலம் என்கிறார்கள். தோட்ட நிர்வாகத்திடம் கேட்டால், லாரி போகிறதே, உங்களுக்கு மட்டும் என்ன கஷ்டம் என்கிறார்கள். முட்டிவலியும் சர்க்கரையும் இருக்கும் ஒரு கிழவியை அந்தப் பாதையில் மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். தேர்தல் நேரத்தில் மட்டும் நாலு லாரி கல் வந்து கொட்டும்.

சரி, பந்துக்கு வருகிறேன். நான் இனவாதம் பேசுவதாகச் சிலர் கீழே எழுதுவீர்கள். இல்லை. வெளிநாட்டு ஆட்டக்காரர்களே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இங்கே வந்து பல வருடம் ஆடி, இங்கேயே குடும்பம் நடத்தி, முறைப்படி குடியுரிமை வாங்கினால் நானே கைதட்டுவேன். அந்த ஏழு பேர் மீதும் எனக்குக் கோபமில்லை. ஆடக் கூப்பிட்டார்கள், வந்தார்கள். "அப்படியென்றால் உள்ளூர்ப் பையன்களை வைத்துத் தோற்றுக்கொண்டே இருப்போமா" என்று கேட்பவர்களுக்கு: 1980 ஏப்ரலில் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது கோல் கம்பத்தில் நின்றது ஆறுமுகம். முன்னால் சந்தோக் சிங், சோ சின் ஆன். யாருடைய பாட்டியின் பத்திரத்தையும் திருத்த வேண்டிய தேவை வரவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து அரசாங்கம் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது வேறு கதை. அப்பா அதைப் பற்றி இன்றைக்கும் கோபமாகப் பேசுவார்.

எனக்கு நெஞ்சில் குத்துவது ஒன்றுதான். கடல் தாண்டிப் பிறந்தவர்களின் பாட்டிக்கு இங்கே ஒரு பிறந்த ஊர் கிடைத்துவிட்டது, சில மாதத்தில் பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. இங்கே பிறந்து, இங்கே பால் வெட்டி, இங்கேயே பேரப்பிள்ளை பார்த்த பெரியம்மாவுக்கு ஓட்டு கிடையாது, அரசாங்க உதவித்தொகை கிடையாது. இன்னொன்றும் கவனியுங்கள். 2024 அக்டோபரில் குடியுரிமைச் சட்டத் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது. மலேசியத் தாய்மார்களுக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்கு உரிமை கொடுத்தது நல்ல விஷயம், வரவேற்கிறேன். ஆனால் நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைக்குத் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையை எடுத்துவிடும் திருத்தமும் அதே மசோதாவில் இருந்தது. பெரியப்பாவிடம் நீல ஐசி இருந்ததால் எங்கள் வீட்டில் இந்தக் கவலை இல்லை. இரண்டு பேரிடமும் சிவப்பு ஐசி இருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: ஆம், தவறு. பெரிதாக்க வேண்டிய தவறு.

ஒரு வேண்டுகோள். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களின் 1950-களின் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளக் கணக்கு) புத்தகமோ, ஆயாக்கொட்டகை (குழந்தைகள் காப்பகம்) பதிவோ, பழைய தமிழ்ப்பள்ளி வருகைப் பதிவோ உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால், தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். கிராணி, மண்டோர் (மேற்பார்வையாளர்) குடும்பங்களில் இருக்க வாய்ப்புண்டு. எனக்குச் செய்தி அனுப்புங்கள், நேரில் வந்து பார்க்கிறேன். பெரியம்மாவுக்காக மறுபடி மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.