பல் தேய்ந்து கூச்சம் வந்துவிட்டது. நானோ பேஸ்ட் போட்டால் தேய்ந்தது திரும்ப வளருமா?

வளராது. ஆனால் கூச்சத்தை அடக்கலாம், மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். நான் அனுபவித்ததைச் சொல்கிறேன்.

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பத்து வருஷத்துக்கும் மேலாக மத்தியானம் எலுமிச்சை சோடா குடிக்கும் பழக்கம். சித்திரை வெயிலில் ஒன்று இரண்டாகும். ஒரு மணி நேரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பேன். முடித்ததும் வாய் புளிக்கிறதே என்று பிரஷ்ஷை எடுத்து அழுத்தித் தேய்ப்பேன். நல்ல பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் பானைத் தண்ணீர் பட்டதும் கீழ்ப்பல்லில் சுரீர் என்றது. அப்புறம் மோர்கூடக் குடிக்க முடியவில்லை.

பல் டாக்டர் பார்த்துவிட்டு, "சொத்தை இல்லைண்ணே, புளிப்பு அரிச்சிருக்கு" என்றார். மேலே இருக்கும் எனாமல் கரைந்து, அடியில் உள்ள டென்டின் வெளியே தெரிந்துவிட்டதாம்.

டென்டின் எனாமலைவிட மென்மையானது. புளிப்பை பிஎச் என்கிற எண்ணால் அளப்பார்கள்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பிஎச் 5.5 அளவுக்கு இறங்கினால்தான் எனாமல் கரையத் தொடங்கும். டென்டினுக்கு 6-ஐத் தாண்டிய அளவிலேயே கரைசல் ஆரம்பம். எலுமிச்சைச் சாறு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கிறது. டென்டின் முழுக்க நுண்ணிய குழாய்கள்; ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மைக்ரான் அகலம் (ஒரு மைக்ரான் என்பது ஆயிரம் நானோமீட்டர்). அவற்றின் வாய் திறந்துவிட்டால் குளிர் பட்டதும் உள்ளே இருக்கும் நீர் அசைந்து நரம்பைத் தொடும். அதுதான் அந்தச் சுரீர்.

நானோ பேஸ்ட்டில் இருக்கும் நானோ ஹைட்ராக்சிஅபடைட் வேலை செய்வது இங்கேதான். பல்லில் இருக்கும் அதே தாதுவை 100 நானோமீட்டருக்கும் சிறிய துகளாக்கியிருக்கிறார்கள். குழாயின் வாய் ஆயிரம் நானோமீட்டருக்கு மேல் என்பதால் துகள்கள் உள்ளே போய் அடைத்துக்கொள்கின்றன. ஜப்பானில் ஹைட்ராக்சிஅபடைட் பேஸ்ட் 1980 முதலே விற்பனையில் இருக்கிறது. கூச்சத்துக்கு இது கேட்கிறது, எனக்கும் கேட்டது. மூன்றாவது வாரம் மோர் குடித்தேன்.

ஆனால் அரிப்பைத் தடுக்குமா என்பது வேறு கேள்வி. துகளும் பல்லின் தாதுவேதான், ஆகவே அடுத்த சோடாவில் அதுவும் கரையும். டென்டின் அரிப்பு பற்றிய சோதனைகளில் பெரும்பாலானவை பிடுங்கிய பற்களை வைத்து ஆய்வகத்தில் செய்தவை. அமிலத்தை எதிர்த்து நிற்பதில் ஸ்டேனஸ் ஃப்ளூரைடு, அதாவது வெள்ளீயம் சேர்ந்த ஃப்ளூரைடு, பேர் வாங்கியது. அதனால் நானோ பேஸ்ட் வாங்குவதானாலும் ஃப்ளூரைடும் சேர்ந்ததா என்று பாருங்கள். பால் புரதத்தில் செய்த கால்சியம் கிரீம்களும் உண்டு. பால் ஒவ்வாமை இருந்தால் அவை வேண்டாம்.

இன்னொன்றை டாக்டர் அழுத்திச் சொன்னார். அமிலம் தாதுவை எடுத்துக்கொண்டு போனாலும், கொலாஜன் என்கிற நார் வலை டென்டின் மேல் மிஞ்சி நிற்கும். அந்த வலை இருக்கும்வரை உள்ளே அரிப்பு மெதுவாகத்தான் போகும். சோடா குடித்த கையோடு பிரஷ் போட்டு நான் இத்தனை வருஷம் தேய்த்தது அந்த இளகிய பகுதியைத்தான். அதைக் கேட்டபோது மனசு கஷ்டமாக இருந்தது.

இப்போது சோடா வாரத்துக்கு ஒன்று, அதுவும் ஒரே மூச்சில். உடனே சாதாத் தண்ணீரால் கொப்பளிக்கிறேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பிரஷ், அதுவும் மிருதுவானது.

உங்களுக்கு இரவில் நெஞ்செரிச்சல் வந்து புளித்த நீர் வாய்க்கு வருகிறதா? அப்படியானால் அரிப்பு வயிற்றிலிருந்தும் வரும். பேஸ்ட் வாங்கும் முன் அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.