குளிரில் .308 ரைபிள் தாழ்வாக அடிக்கிறதா?

குளிரில் உங்கள் ரைபிள் தாழ்வாக அடிப்பதாக எழுதியிருந்தீர்கள். ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, தொடாதீர்கள். கோடையில் 25 டிகிரி செல்சியஸில் ஜீரோ செய்த (குறியைச் சரிப்படுத்திய) .308, ஒட்டாவா குளிரில் மைனஸ் 10-ல் 600 கெஜத் தூரத்தில் தாழ்வாக அடிப்பது இயல்புதான்.

தோட்டாவிலுள்ள வெடிமருந்து ஒரு முக்கியக் காரணம். குளிர்ந்த மருந்து மெதுவாக எரியும். சேம்பரில் (தோட்டா வெடிக்கும் அறையில்) அழுத்தம் குறைந்து, குண்டின் வேகமும் குறையும். உருண்டை மணிகளாக வரும் 'பால்' (ball) வகை வெடிமருந்துகளில் பலவற்றுக்கு இது அதிகம். வார்கெட், எச்4350 போன்ற மருந்துகள் வெப்பநிலை மாற்றத்தைத் தாங்கவென்றே தயாரிக்கப்பட்டவை. நீங்கள் எது போடுகிறீர்கள் என்று எழுதவில்லை.

இப்படிச் சோதியுங்கள்:

1. ஒரே லாட் (ஒரே தொகுதியில் தயாரான) தோட்டாக்களில் பாதியைக் கோட்டின் உள்பையில் வையுங்கள், மீதியை ஒரு மணி நேரம் வெளியே வையுங்கள்.
2. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்து இரண்டையும் மாற்றி மாற்றிச் சுடுங்கள். ஏற்றியதும் சுட்டுவிடுங்கள், சூடான சேம்பரில் தோட்டா கிடந்தால் கணக்கே கெட்டுவிடும்.

வேகம் ஒன்றாகவே வந்தால் காற்றின் அடர்த்தியைப் பாருங்கள். அதே காற்றழுத்தத்தில், மைனஸ் 10-ல் காற்று 25 டிகிரியைவிடச் சுமார் 13 சதவீதம் அடர்த்தி. குண்டின் பாதையைக் கணக்கிடும் பாலிஸ்டிக் கணிப்பானில் அன்றைய வெப்பநிலையைப் போடுங்கள்.

குளிரை ஈடுகட்ட மருந்தை மட்டும் கூட்டவே கூட்டாதீர்கள். மிஞ்சிய தோட்டா கோடையில் சேம்பருக்குள் போனால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.