லேபிள் இல்லாத தீவன மூட்டை

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் ஏதோ ஒரு கிழட்டு மாட்டுக்கு 'அபூர்வ வகை' மாட்டுப் பைத்திய நோய் என்று மகன் செல்போனில் காட்டினான். இங்கே கடையில் லேபிள் இல்லாத தீவன மூட்டை மலிவாகக் கிடைக்கிறது. 'புரதம் அதிகம், பால் ஏறும்' என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? பாலைக் குடிக்கலாமா?

பதில்: பாலைத் தாராளமாகக் குடியுங்கள். மூட்டையை மட்டும் வாங்காதீர்கள்.

மகன் காட்டியது எச், எல் என்ற இரண்டு வகைகளில் ஒன்றாக இருக்கும். பெரும்பாலும் எட்டு வயது தாண்டிய மாடுகளுக்கு, மூளையில் உள்ள பிரியான் புரதம் தானாகவே திரிந்து வருவதாகக் கருதுகிறார்கள். 2012-இல் கலிஃபோர்னியாவில் சிக்கியதும் பத்து வயது தாண்டிய கறவை மாடுதான். மாட்டுக்கு மாடு தொற்றாது. பால் வழியாகப் பரவியதற்கும் ஆதாரம் இல்லை. இந்தியாவை 2010-இல் மிகக் குறைந்த ஆபத்துள்ள நாடுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

அப்புறம் மூட்டைக்கு ஏன் இவ்வளவு பயம்? பிரிட்டனில் 1.8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைப் பிடித்த பழைய வகை பரவியது தீவனத்தால்தான். செத்த மாட்டின் இறைச்சி, எலும்பை அரைத்து மாட்டுக்கே போட்டார்கள். கொதிக்க வைத்தாலும் பிரியான் சாகாது. அதனால்தான் கறவை மாட்டுக்கு இறைச்சித் தூள், எலும்புத் தூள், இரத்தத் தூள் கலந்த தீவனம் இங்கே தடை. லேபிள் இல்லாவிட்டால் அந்தப் புரதம் புண்ணாக்கிலிருந்து வந்ததா, வேறெதிலிருந்தோ வந்ததா என்று யாருக்குத் தெரியும்? மூட்டையில் ஐஎஸ் 2052 என்ற மாட்டுத் தீவனத் தர எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை, தயாரித்த தேதி, முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். பில் கேளுங்கள். ரோஜாச் செடிக்கு எலும்புத் தூள் வாங்குகிறவர் என்றால் அந்தச் சாக்கைக் கொட்டகைப் பக்கமே வைக்காதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. நம்மூரில் மாடு தள்ளாடினால், எச்சில் ஒழுகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வெறிநாய்க்கடி நோயை (ரேபிஸ்). குன்னூர் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட் 1907-இலிருந்து இங்கே இருப்பதே அந்த நோய்க்காகத்தான். அது எச்சில் வழியே தொற்றும்; தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கை விடாதீர்கள். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே விட்டிருந்தால் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.