ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு பைபாட்: கெட்டித் தரைதான் சிக்கல்

நெல் காயவைக்கும் சிமெண்ட் களத்தில் பைபாட் (துப்பாக்கியின் முன்பக்கத்தைத் தாங்கும் இரட்டைக் கால்) மாட்டிச் சுட்டால், குண்டுகள் முன்னைவிடச் சிதறுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். பைபாட் பழுதில்லை. ஸ்பிரிங் துப்பாக்கியில் பெல்லட் (சிறு குண்டு) குழலைவிட்டு வெளியேறும் முன்பே, உள்ளே ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் ஓடி, துப்பாக்கியை உதறிவிடும். கெட்டித் தரையில் கால் ஊன்றினால் அந்த உதறல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி துள்ளும். நாலாக மடித்த சாக்கைக் காலடியில் போடுங்கள். வயல் வரப்பு மட்டும் வேண்டாம். நம் டெல்டா ஈரக் களிமண்ணில் ஒரு கால் புதைந்து சாய்ந்துவிடும். பைபாடைத் துப்பாக்கியின் முன்கட்டையில் மாட்டுங்கள், குழலில் கூடவே கூடாது. படுத்துச் சுட 6–9 அங்குலக் கால் போதும். அப்புறம், பின்கட்டைக்கு அடியில் சின்ன மணல் பை வைத்து, அதைக் கையால் பிசைந்து உயரத்தைச் சரிசெய்யுங்கள். அப்படியும் சிதறினால் பைபாடைக் கழற்றிவிட்டு, முன்கட்டையை உள்ளங்கையில் இறுக்காமல் தாங்கிச் சுட்டுப் பாருங்கள்.