நடுநிலையும் நொதுமலும்

கேள்வி: எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் தண்ணீர் கொடுப்பேன். யார் கொடியையும் வாசலில் கட்டவிட மாட்டேன். அரசியல் பேச்சு எழுந்தால் உள்ளே போய்விடுவேன். "நான் நடுநிலை" என்றால், கல்லூரியில் படிக்கும் என் மகள், "அது நடுநிலை இல்லம்மா, நழுவறது" என்கிறாள். அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அம்மா, உங்கள் மகள் பக்கம்தான் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா வேலூரில் ஒரு வெல்லமண்டியில் எடை போட்டவர். அணைக்கட்டுப் பக்கமிருந்து வண்டி வந்ததும், வெறுந்தட்டில் தராசு முள் நேராக நிற்பதை விவசாயியைக் கூப்பிட்டுக் காட்டுவார். பிறகுதான் சரக்கு ஏறும். முள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மண்டி முழுக்கக் கேட்கும்படி சொல்லுவார். ஒருமுறை எங்கள் சித்தப்பா கொண்டுவந்த வெல்லம் எடை குறைந்தது. அதையும் அதே குரலில் சொன்னார். சித்தப்பா இரண்டு பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

குறளில் 12ஆம் அதிகாரம் நடுவு நிலைமை. அதில் 118ஆம் குறள், "சமன்செய்து சீர்தூக்கும் கோல்" என்கிறது. முதலில் சமன் செய்ய வேண்டும், அடுத்து தூக்கிப் பார்க்க வேண்டும். வேலை இரண்டு. முதலாவதோடு நின்றுவிட்ட தராசை எந்த மண்டியிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

பரிமேலழகர் இந்த அதிகாரத்துக்குத் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பகை, நொதுமல், நண்பு என்னும் மூன்று பகுதியினும் அறத்தின் வழுவாது ஒப்ப நிற்கும் நிலைமை என்கிறார். நொதுமல் என்றால் பகையும் இல்லை, நட்பும் இல்லை, அயல். அகப்பாடல்களில் தலைவியைப் பெண் கேட்டு வரும் வேற்றாரை நொதுமலர் என்பார்கள். ஆக, ஒட்டாமல் விலகி நிற்பதற்குத் தமிழில் தனிச்சொல்லே இருக்கிறது. இன்று நாம் நடுநிலை என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த நொதுமல்தான். நல்ல சொல்லை இப்படித் தேயவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு.

மற்ற சொற்களையும் இதோடு குழப்ப வேண்டாம். 'அணிசேராமை' நாடுகளுக்கானது, 1961இல் பெல்கிரேடு மாநாட்டோடு இயக்கமானது. 'சுயேச்சை' கட்சிச் சீட்டு இல்லாமல் நிற்கும் வேட்பாளர். அவர் தமக்கு ஓட்டுக் கேட்பவர், நடுநிலையாளர் அல்லர். நோட்டாவும் நடுநிலை ஆகாது. அது நிற்பவர் எவரும் வேண்டாம் என்ற தீர்ப்பு. 2019 ஆகஸ்டில் நம் வேலூர் மக்களவைத் தேர்தலில் வெற்றி வித்தியாசம் 8,141 ஓட்டு. நோட்டாவுக்கு விழுந்தது அதைவிட அதிகம். அத்தனை பேரும் வெயிலில் வரிசையில் நின்று தங்கள் முடிவைச் சொன்னவர்கள்.

வந்தவருக்கெல்லாம் தண்ணீர் கொடுப்பது உங்கள் பண்பு, அதை விட்டுவிடாதீர்கள். கொடி கட்டவிடாத உங்களைக் 'கட்சி சாராதவர்' என்று தாராளமாகச் சொல்லலாம். தெருவில் இரண்டு கட்சிக்காரர்கள் குழாய்த் தண்ணீருக்குச் சண்டை போடும்போது, ஒருவர் உங்கள் சொந்த அண்ணனாகவே இருந்தாலும், உள்ளே போகாமல் நின்று யார் மேல் தப்பு என்று சொல்கிறீர்களே, அன்றைக்கு 'நடுநிலை' என்று சொல்லிக்கொள்ளுங்கள். மகளும் ஒப்புக்கொள்வாள்.