பங்குனிப் பணம் ஆனி வரை நிற்குமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நஞ்சையும், வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் புஞ்சையும், அதில் ஒரு கிணறும், வரப்பில் ஆறு பனையும் இருக்கின்றன. இரண்டு கறவை மாடு, நாலு தாயாடு, இரண்டு கிடா, கொஞ்சம் கோழி உண்டு. வீட்டில் அத்தை (மாமியார்), நான், என் வீட்டுக்காரர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். போன வைகாசியில் பள்ளிக் கட்டணத்துக்கும் செலவுக்குமாக நகையை மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டியில் 50,000 ரூபாய்க்கு அடகு வைத்து, தை மாதம் ஏழு ஆடுகளை மேலப்பாளையம் சந்தையில் விற்றுத்தான் மீட்டோம். இப்போது பிசானப் பருவ நெல் அறுத்து, கூலி, உரக்கடைப் பாக்கி எல்லாம் கொடுத்த பிறகு 80,000 ரூபாய் கையில் இருக்கிறது; சாப்பாட்டு நெல்லைத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம். இதோடு நகையை மறுபடி வைத்து ஆழ்துளைக் கிணறு போடலாம் என்கிறார் அவர். 60,000 ரூபாயில் மூன்றாவது மாடு வாங்கலாம் என்பது என் எண்ணம். வீட்டுக்கு எடுக்கும் பாலையும் முட்டையையும் விற்றுவிட்டால் கையில் காசு புரளுமா என்பதையும் சொல்லுங்கள். என் கணக்கு நோட்டின் சில பக்கங்களை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தை விட நோட்டுதான் எனக்கு அதிகம் சொன்னது. கடிதத்தில் 80,000 ரூபாயை மிச்சம் போலப் பேசுகிறீர்கள். நோட்டைப் பார்த்தால் அதில் ஏறக்குறைய எல்லாம் சித்திரை, வைகாசி, ஆனி ஆகிய மூன்று மாதங்களுக்கும் அடுத்து வரும் கார் பருவ நெல் சாகுபடியின் முதல் செலவுக்கும் உரிய பணம் என்று தெரிகிறது.

வீட்டுக்கு ரொக்கமாக மாதம் 11,000 ரூபாய் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வெயில் காலத்தில் இரண்டு மாடும் சேர்ந்து ஏழு லிட்டர்தான் கறக்கின்றன. வீட்டுக்கு ஒன்றரை லிட்டர் போக ஐந்தரை லிட்டரை 36 ரூபாய்க்கு ஊற்றினால் மாதம் 5,940 ரூபாய் வருகிறது. புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டைக்கு 4,200 ரூபாய் போய்விடுகிறது. ஆக மூன்று மாதத்தில் பாலில் நிற்பது சுமார் 5,000 ரூபாய். மூன்று மாத வீட்டுச் செலவான 33,000 ரூபாயில் இதைக் கழித்தால், கையிருப்பிலிருந்து 28,000 ரூபாய் எடுத்தாக வேண்டும். பள்ளிக் கட்டணம் 24,000. சித்திரையில் வரும் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரியும் வந்துபோகும் சொந்தக்காரர் செலவுமாக 6,000. கால்வாயில் தண்ணீர் திறந்ததும் நாற்றங்கால், உழவு, நடவுக்கு 15,000. எல்லாம் கூட்டினால் 73,000 ரூபாய். மிஞ்சுவது 7,000 ரூபாய்தான். இந்த நிலையில் ஆழ்துளைக் கிணறும் மாடும் இரண்டுமே நகையின் பணத்தில் வருபவை, உங்கள் பணத்தில் வருபவை அல்ல.

அடுத்து வைக்கோல். நோட்டில் இரண்டு வெவ்வேறு பக்கங்களில் இருப்பதால் உங்கள் கண்ணில் இது பட்டிருக்காது. போன பங்குனியில் உங்கள் வயலில் கட்டிய 90 கட்டு வைக்கோலை, கட்டு 80 ரூபாய் என்று வயலிலேயே வியாபாரியிடம் கொடுத்திருக்கிறீர்கள். ஆடியில் 70 கட்டை 200 ரூபாய் வீதம் 14,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறீர்கள். அந்த 70 கட்டில் மட்டும் விட்டது 8,400 ரூபாய். நகைக்கு எட்டு மாதத்தில் கொடுத்த வட்டி 8,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 16,400 ரூபாய். அதாவது உங்கள் வீட்டின் ஒன்றரை மாதச் செலவு, யாருக்கும் தெரியாமல் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறது. வைக்கோலைப் போராக அடுக்கிப் படப்பு போட ஆள் இல்லை என்று காரணம் எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் இரண்டு பேருக்குக் கூலி கொடுத்தாலும் லாபம்தான். கல் பரப்பி, அதன் மேல் பனை மட்டையைப் போட்டு, தரையின் ஈரம் ஏறாதபடி படப்பை உயர்த்தி வைத்து, ஆனிச் சாரலுக்கு முன் மேலே தார்ப்பாய் போட்டுவிடுங்கள். கட்டுக்குச் சுமார் 15 கிலோ என்று வைத்து, இரண்டு மாட்டுக்கும் நாளைக்குப் பத்துக் கிலோ என்று போட்டால் 90 கட்டும் நாலரை மாதம் வரும். இந்த வருடக் கட்டுகள் இன்னும் வயலில்தான் கிடக்கின்றன, வியாபாரி முன்பணம் தரவில்லை என்று எழுதியிருப்பதால், இதை மட்டும் இன்றே முடிவு செய்யுங்கள்.

பாலையும் முட்டையையும் விற்பது பற்றிக் கேட்டீர்கள். பங்குனி 18 அன்று நீங்கள் எழுதிய பக்கம் என் முன்னால் இருக்கிறது: வீட்டுக்குப் பால் ஒன்றரை லிட்டர், முட்டை ஐந்து, முருங்கைக்காய், கீரை, அத்தை வெயிலில் போட்ட மோர் மிளகாய். ஒவ்வொன்றுக்கும் எதிரே செலவு என்ற இடத்தில் கோடு போட்டிருக்கிறீர்கள். நான் அந்தக் கோடுகளை அழித்துவிட்டுக் கடை விலையைப் போட்டேன். பால் 75, நாட்டுக்கோழி முட்டை 60, காயும் கீரையும் 25 என்று குறைத்துப் போட்டாலும் ஒரு நாளைக்கு 160 ரூபாய், மாதத்துக்கு 4,800 ரூபாய். நீங்கள் 36 ரூபாய்க்கு ஊற்றும் பாலைத்தான் கடையில் 50 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டியிருக்கும்; விற்றுவிட்டு வாங்குவதில் கையில் காசு புரளும், ஆனால் நிற்காது. பிள்ளைகளின் வயிற்றுக்குப் போவதைக் குறைத்துக் காசாக்கும் யோசனையை, கணக்குப் பார்க்கும் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பனையேறி ஒரு நாளும் நீங்கள் ஒரு நாளுமாகப் பதனீர் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு நல்ல ஏற்பாடு. அத்தை காய்ச்சும் கருப்பட்டியை ஆனியிலேயே மொத்தமாகக் கொடுக்காமல், அடுப்படிப் பரணில் புகை படும்படி வைத்திருந்து ஐப்பசி மழையில் விற்றால் விலை கூடக் கிடைக்கும். வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சுவது கொஞ்சம்தான் என்பதால் இதற்கு மேல் அதில் கணக்கு இல்லை.

மூன்றாவது மாட்டின் கணக்கைப் பார்ப்போம். எட்டு லிட்டர் கறக்கும் மாடு மாதம் 8,640 ரூபாய் தரும். கோடையில் வரப்பில் புல் கிடையாது. தீனியையும் பசுந்தீவனத்தையும் விலைக்கு வாங்கினால் நாளைக்கு 210 ரூபாய் வீதம் 6,300 ரூபாய் ஆகும். மீதி 2,340 ரூபாயில் இரண்டு வட்டிக்கு 1,200 ரூபாய் போனால் 1,140 ரூபாய் நிற்கும். அதில் முதலையும் அடைக்க வேண்டும், மாடு வற்றி நிற்கும் இரண்டு மாதத்துக்கும் தீனி போட வேண்டும். வெயிலில் கலப்பின மாட்டுக்குப் பால் குறையும் என்பது உங்கள் நோட்டிலேயே இருக்கிறது. வாங்கத்தான் வேண்டும் என்றால் புல் முளைத்த பிறகு, கார்த்திகை வாக்கில், வங்கியின் தவணைக் கடனில் வாங்குங்கள்.

ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். வட்டியை மட்டும் எழுதி வாங்கிக்கொள்வார்கள். பாசனத்துக்கு இலவச மின்சாரம் விவசாய இணைப்பில்தான் உண்டு என்பதையும், வீட்டு இணைப்பில் பாசன மோட்டார் ஓட்டக் கூடாது என்பதையும் உங்கள் வீட்டுக்காரர் சேர்த்து யோசிக்க வேண்டும். இருக்கும் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும் சித்திரையே தூர் வாருவதற்கு ஏற்ற மாதம். மீதமுள்ள 7,000 ரூபாயை முழுவதும் தொடாமல், அதற்கு என்ன கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். அரை ஏக்கர் புஞ்சைக்குச் சொட்டுநீர்ப் பாசனம் போட தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது. அதற்குச் சிட்டா, அடங்கல் ஆகிய நிலப் பதிவுகளைக் கேட்பார்கள்.

அங்கேதான் உங்கள் உண்மையான சிக்கல் இருக்கிறது. கடிதத்தின் ஓரத்தில், பட்டா இன்னும் காலமான மாமனார் பெயரிலேயே இருப்பதால் வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். இரண்டு வட்டிக்கு நீங்கள் போனதற்குக் காரணம் பணத் தட்டுப்பாடு பாதி, இந்தப் பட்டா பாதி. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனைத் தவணைக்குள் திருப்பிக் கட்டினால் வட்டியே இல்லை. வங்கியில் கிசான் கடன் அட்டை மூலம் 3 லட்சம் வரையிலான குறுகிய காலக் கடனுக்கு ஆண்டுக்கு 7 சதவீத வட்டி. ஒழுங்காகக் கட்டினால் அது 4 சதவீதமாகக் குறையும். அந்த அட்டையின் வரம்பிலேயே 10 சதவீதம் வீட்டுச் செலவுக்கும் சேர்த்துத்தான் கணக்கிடப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது. மாட்டுத் தீவனச் செலவுக்கும் அதில் இடம் உண்டு. 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரை பிணையம் இல்லாமல் விவசாயக் கடன் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நீங்கள் வைத்த அதே 50,000 ரூபாய்க்கு எட்டு மாதத்தில் 4 சதவீதம் என்றால் வட்டி சுமார் 1,335 ரூபாய். நீங்கள் கொடுத்தது 8,000.

ஆகவே வயலில் வேலை இல்லாத இந்தச் சித்திரையில் வாரிசுச் சான்றிதழும் பட்டா மாற்றமுமே உங்கள் வீட்டுக்காரரின் வேலையாக இருக்கட்டும். மாமனார் உயில் எழுதாமல் இறந்திருந்தால் அத்தைக்கும், உங்கள் வீட்டுக்காரருக்கும், அவருடன் பிறந்த ஆண் பெண் அனைவருக்கும் சம பங்கு உண்டு. கட்டிக்கொடுத்த நாத்தனாரைக் கேட்காமல் மனுக் கொடுத்தால் காரியம் பாதியில் நிற்கும், உறவும் கெடும். கொடைக்கு அவர்கள் வரும்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமா, பாகப் பிரிவினையா, கூட்டுப் பட்டாவா என்பதை அத்தையின் முன்னிலையில் முடிவு செய்வது நல்லது.

ஆடுகளைப் பற்றி இன்னும் ஒன்று. போன முறை தையில் அவசரத்துக்கு விற்றீர்கள். பக்ரீத் இப்போது சில வருடங்களாக வைகாசியை ஒட்டி வருகிறது. அதற்கு முந்தைய வாரங்களில் மேலப்பாளையத்தில் கிடாவுக்குக் கேட்கிற விலை கிடைக்கும். இரண்டு கிடாவையும் அப்போது கொடுத்தால் பள்ளிக் கட்டணத்தில் பெரும் பகுதி அதிலேயே அடங்கி, ஒதுக்கிய பணம் கார் சாகுபடிக்குத் துணையாக நிற்கும். ஆனால் பக்ரீத் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும் என்பதால் இதையே நிரந்தர ஏற்பாடாக நம்பிவிடாதீர்கள். தாயாடுகளை விற்க வேண்டாம். மழைக்கு முன் துள்ளுமாரித் தடுப்பூசியைக் கால்நடை மருந்தகத்தில் போட்டுவிடுங்கள்.

அடுத்த வருடக் கட்டணத்துக்கு, பால் கூடும் புரட்டாசியில் தொடங்கி சித்திரை வரை எட்டு மாதத்துக்கு வங்கியில் தொடர் வைப்பு போடுங்கள். மாதம் 3,000 ரூபாய் வீதம் 24,000 ரூபாய் சேரும். உங்களுக்கு வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயோடு பால் பணத்தில் 2,000 ரூபாய் சேர்த்தால் போதும். மழைக் காலத்தில் பாலில் மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் நிற்கிறது என்று நோட்டு சொல்கிறது. இந்த வருடத்துக்கான 24,000 ரூபாயை மட்டும் இப்போதே அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் உங்கள் பெயரில் போட்டுவிடுங்கள். வட்டிக்காகச் சொல்லவில்லை, வீட்டில் இருந்தால் கொடை முடிவதற்குள் அது கரைந்துவிடும்.