'யெஸ்' அழுத்த வரவில்லையா? ஃபார்மேட் வேண்டாம், பொறுங்கள்

சர்வீஸ் முடிந்து வந்த விண்டோஸ் லேப்டாப்பில் எதையும் நிறுவ முடியவில்லை, அனுமதிப் பெட்டியில் 'யெஸ்' மங்கிக் கிடக்கிறது, கடையில் ஃபார்மேட் அடிக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

என் அக்கா வீட்டிலும் அச்சு அசலாக இதேதான். விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர் தன் பெயரில் அட்மின் கணக்கு (முழு உரிமை உள்ளது) திறந்து, அக்காவுடையதை ஸ்டாண்டர்டாக (அட்மின் அனுமதி இல்லாமல் எதையும் மாற்ற முடியாத சாதாரணக் கணக்காக) வைத்து, வேலை முடிந்ததும் தன் கணக்கை முடக்கிவிட்டார். பிரிண்டர் டிரைவர் போடப் போனபோதுதான் தெரிந்தது. போன் செய்தால், "ஃபார்மேட்தான் மேடம், டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்ல." அக்கா டியூஷன் எடுப்பவள். வருடக்கணக்காக உட்கார்ந்து அடித்த வினாத்தாள்கள் அத்தனையும் டெஸ்க்டாப்பில் இருந்தன.

நான் செய்தது இதுதான். லாகின் திரையில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட். நீலத்திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், மறுபடி ரீஸ்டார்ட், 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு, அதாவது அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் நிலை. நடுவில் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்கச் சாவி கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முதலிலேயே போனில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். லாகின் திரையில் அதுவரை இல்லாத 'அட்மினிஸ்ட்ரேட்டர்' வந்து நிற்கும், பெரும்பாலும் பாஸ்வேர்ட் இல்லாமலே. உள்ளே போய் கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்புத் திரை) 'நெட் லோக்கல்குரூப் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்', இடைவெளி, உங்கள் கணக்கின் பெயர், இடைவெளி, '/ஆட்' (எல்லாம் ஆங்கில எழுத்தில்). உங்கள் கணக்கு அட்மின் ஆகிவிடும். வழக்கம்போல ரீஸ்டார்ட் செய்யுங்கள். அக்காவுக்கு ஒரு ஃபைல்கூடப் போகவில்லை.

அடுத்தவர் கணினிக்குள் நுழைய நான் சொல்லித் தருகிறேன் என்று குறை சொல்ல யாராவது வருவார்கள். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே அந்த 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கு விண்டோஸோடு முடக்கப்பட்டுத்தான் வருகிறது. அந்தக் கணினியிலேயே இயங்கும் அட்மின் கணக்கு (லோக்கல் அட்மின்) ஒன்றுகூட இல்லாதபோது மட்டும் சேஃப் மோடில் திறக்கும்படி மைக்ரோசாஃப்டே வைத்த வழி இது. உங்கள் அனுமதிப் பெட்டி வேறொரு கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டால் அட்மின் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். இது பலிக்காது, அவரிடம்தான் போக வேண்டும். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி ஆட்களிடம் விடுங்கள்.

என் ஆற்றாமையெல்லாம் வேறு. காசு கொடுத்து வாங்கியவரின் மெஷினில் தன் பெயரில் கணக்கு திறக்க இவர்களுக்கு யார் அனுமதி கொடுத்தது? பில்லில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நேரில் போய்க் கேட்டேன். "எல்லாருக்கும் அப்படித்தான் சார் போடுறோம்" என்றார்கள்.